கல்வேலிக்குள் பிறந்த பலகை

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் காட்டில் நடக்கும்போது எதிர்பாராத இடத்தில் கல்வேலி குறுக்கிடும். சுற்றிலும் மரங்கள். பக்கத்தில் வீடில்லை, பாதையில்லை. ஆனால் பாசி படிந்த கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சுவர், மேடேறிப் பள்ளமிறங்கி நேர்கோட்டில் போய்க்கொண்டே இருக்கும். காட்டுக்கு நடுவில் யாராவது வேலி கட்டுவார்களா? மாட்டார்கள். கட்டிய காலத்தில் அது வயல். கலப்பையில் முட்டிய கற்களைப் பெயர்த்து ஓரத்தில் அடுக்கினார்கள். உள்ளே மெரினோ செம்மறிகளை மேயவிட்டார்கள். பிறகு மனிதர்கள் போனார்கள், மரங்கள் வந்தன.

நான் சொல்லவந்த பலகையின் கதை அங்கேதான் தொடங்குகிறது. குறிப்பிட்ட ஒரு பலகை என்று கைகாட்ட முடியாது. அந்த வட்டாரத்தில் ஏறக்குறைய ஒரே காலத்தில் முளைத்து, ஒரே மாலையில் சாய்ந்து, ஒரே குளத்தில் ஊறிக் கிடந்த வெள்ளைப் பைன்களில் ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு அதன் பின்னாலேயே போகிறேன். எங்கள் ஊர் மரவாடிக்குப் போகிறவர்கள் கேட்பது இரண்டே கேள்வி: சைஸ் என்ன, விலை என்ன. நானும் அப்படித்தான் கேட்டுவந்தேன். ஒரு மரத்துக்கு சைஸ் என்று ஒன்று கிடைப்பது அதன் வாழ்க்கையில் எவ்வளவு தாமதமாக என்பது இந்தப் பைனைத் தொடர்ந்த பிறகுதான் உறைத்தது.

1825இல் நியூயார்க் மாநிலத்தில் ஈரி கால்வாய் திறந்தது. மேற்கே ஒஹாயோவிலும் அதற்கு அப்பாலும் கல்லில்லாத ஆழமான மண் இருக்கிறது என்று தெரிந்ததும், கல் பொறுக்கியே முதுகு வளைந்த குடும்பங்கள் மூட்டை கட்டின. ரயில் வந்தபின் மேற்கத்திய தானியமும் கம்பளியும் மலிவாக வந்து இறங்கின. 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போர் இளைஞர்களைக் கொண்டுபோனது. மிஞ்சியவர்களில் பலரை நெசவாலை நகரங்கள் இழுத்துக்கொண்டன. ஆடு கடிக்காத புல்வெளி வெயிலில் சும்மா கிடந்தது.

வெள்ளைப் பைனுக்கு வேண்டியது அந்த வெயில்தான். கொடைக்கானலில் நாம் பார்க்கும் பைனுக்கு இது பங்காளி முறை. ஊசியிலைகள் ஐந்தைந்தாகச் சேர்ந்திருக்கும். கூம்பு முதிர இரண்டு ஆண்டுகள் ஆகும். விதைக்கு ஒற்றைச் சிறகு. வேலியோரம் நிழலுக்கென்று விட்டுவைத்த ஒரு தாய்மரம் போதும், மற்றதைக் காற்று பார்த்துக்கொள்ளும். மாசசூசெட்ஸில் இருக்கும் கான்கார்டில் வாழ்ந்த எழுத்தாளர் தோரோ, காட்டு மரங்கள் ஒன்றையடுத்து ஒன்று எப்படி இடம் பிடிக்கின்றன என்று 1860இல் ஒரு வேளாண் சங்கக் கூட்டத்தில் பேசினார். பைனை வெட்டிய இடத்தில் ஓக் முளைப்பதில் மாயம் எதுவும் இல்லை, விதைகள் காற்றிலும் அணிலின் வாயிலும் பயணம் செய்கின்றன என்பது அவர் பேச்சின் சாரம். நம் மரம் முளைத்தது வேறொரு கான்கார்டுக்குப் பக்கத்தில், நியூ ஹாம்ப்ஷயரின் தலைநகரான கான்கார்டுக்குப் பக்கத்தில். ஆனாலும் அவர் சொன்ன வழியில்தான் அதுவும் வந்தது. அப்படி வந்தவற்றுக்கு ஊர்க்காரர்கள் ‘பழைய வயல் பைன்’ என்றே பெயர் வைத்தார்கள்.

இந்தச் சாதி மரத்துக்காக ஒரு கலவரமே நடந்திருக்கிறது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இங்கிலாந்தின் போர்க்கப்பல்களுக்குப் பாய்மரம் தேவைப்பட்டது. 24 அங்குலத்துக்கு மேல் குறுக்களவுள்ள பைன்கள் அரசருக்குச் சொந்தம் என்று 1691ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் சாசனம் சொன்னது. பின்னாளில் நியூ ஹாம்ப்ஷயரிலும் அதுபோன்ற சட்டம் வந்தது. மரத்தில் கோடரியால் அம்புக்குறி வெட்டி அடையாளம் வைத்தார்கள். 1772இல், கான்கார்டுக்குத் தென்மேற்கே உள்ள வெயர் என்ற ஊரில், அந்தச் சட்டத்தை மீறியதாகக் கைது செய்ய வந்த ஷெரீஃபை உள்ளூர்க்காரர்கள் குச்சிகளால் அடித்துத் துரத்தினார்கள். அந்தக் காலத்துப் பைன்கள் அடர்காட்டில், நிழலோடு போட்டியிட்டு, கிளையில்லாமல் நெடுக வளர்ந்தவை. வயலில் பிறந்த பேரப்பிள்ளைகளுக்கு அந்த உடம்பு வாய்க்கவில்லை.

காரணம் இரண்டு. ஒன்று, ஒரு கூன்வண்டு. வெயிலில் நிற்கும் இளம் பைனின் உச்சிக் குருத்தில் அது முட்டையிடும். புழுக்கள் உள்ளேயே தின்று குருத்தைக் கொன்றுவிடும். பக்கக் கிளைகளில் ஒன்றோ இரண்டோ தலைதூக்கி உச்சியாகும். மரம் அங்கே வளைந்துகொள்ளும் அல்லது கவைத்துக்கொள்ளும். இரண்டாவது, கிளை. பைன் ஆண்டுக்கு ஒரு வட்டம் கிளை விடும். வட்டங்களை எண்ணினால் இளம் மரத்தின் வயது தெரிந்துவிடும். இடம் தாராளமாக இருந்தால் கிளைகள் தடிக்கும். அக்கம்பக்கத்துப் பைன்கள் நெருக்கிய பிறகு கீழ்க்கிளைகள் நிழலில் செத்துப்போகும், ஆனால் எளிதில் உதிராது. பல ஆண்டுகள் குச்சியாக ஒட்டிக்கொண்டிருக்கும். மரம் அந்தச் செத்த குச்சியைச் சுற்றியே பருக்கும். உயிருள்ள கிளை விட்டுப்போகும் கணு செம்பழுப்பாக, மரத்தோடு இறுகியிருக்கும். செத்த கிளையின் கணுவைச் சுற்றிக் கருவளையம் இருக்கும். பலகை காய்ந்ததும் பொத்தென்று விழுந்து ஓட்டையாகிவிடும். பின்னால் பலகையில் தரம் பார்க்கிறவர் பார்ப்பதெல்லாம் இந்த இளமைக்காலத்தைத்தான்.

1870களின் இறுதியில் முளைத்ததென்று கொண்டால், நூற்றாண்டு திரும்பும்போது நம் மரத்துக்கு இருபது சொச்சம் வயது. அப்போதுதான் பெயர்ந்து போகும் அறுவை மில்கள் அந்த வயல்காடுகளுக்குள் வந்தன. அட்டைப்பெட்டி பரவாத காலம் அது. ஆப்பிளிலிருந்து காலணி வரை எல்லாமே மரப்பெட்டியில்தான் போயின. அதற்கு மென்மையான, இலேசான, ஆணி அடித்தால் பிளக்காத பைன் வேண்டும். கணு இருந்தாலும் பெட்டிக்குப் பரவாயில்லை. கனமான கட்டைகளை ஊருக்கு இழுத்துப் போவதைவிட மில்லை மரத்தடிக்குக் கொண்டுவருவது மலிவு என்பது எளிய கணக்கு. நம் ஊரிலும் ஆள் ரம்பக்காரர்கள் மரம் விழுந்த இடத்துக்கே வந்து, கட்டையை முட்டுக்கொடுத்து உயர்த்தி, மேலே ஒருவரும் கீழே ஒருவருமாக நின்று அறுத்துக் கொடுத்திருக்கிறார்கள். நியூ ஹாம்ப்ஷயரும் மாசசூசெட்ஸும் அடங்கிய நியூ இங்கிலாந்து வட்டாரத்தில் அந்த இரண்டு ஆட்களின் இடத்தில் நீராவிக் கொதிகலனும் வட்ட ரம்பமும் இருந்தன. கிடைமட்டமாக இரண்டு நீளக் கட்டைகள், அவற்றின்மேல் தண்டவாளம், அதில் ஓடும் வண்டி, பக்கத்தில் நாலரை அடி அளவிலான எஃகுத் தட்டு. ஒரு காட்டை முடித்ததும் கழற்றிக் குதிரை வண்டிகளில் ஏற்றி அடுத்த காட்டுக்குப் போய்விடுவார்கள். பின்னால் ஒரு மரத்தூள் மேடு மட்டும் கிடக்கும். முதிர்ந்த பைன்கள் போயின. நம் மரம் அப்போது கட்டைக்கு ஆகாத இளசு, அதனால் தப்பியது.

1938ஆம் ஆண்டு செப்டம்பர் 21. முந்தைய சில நாட்களாக மழை. மண் கூழாக இருந்தது. நியூயார்க்கின் லாங் ஐலண்டில் பிற்பகலில் கரையேறிய சூறாவளி, போதிய எச்சரிக்கை இல்லாமல், அசாதாரண வேகத்தில் வடக்கே பாய்ந்தது. பாஸ்டனுக்குப் பக்கத்தில் உள்ள புளூ ஹில் வானிலைக் கூடத்தில் மணிக்குச் சுமார் 300 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வீச்சு பதிவானது. அறுநூறுக்கும் அதிகமானவர்கள் இறந்தார்கள். இருட்டும் நேரத்தில் புயல் நியூ ஹாம்ப்ஷயருக்குள் இருந்தது. மேலடுக்கில் தலை உயர்த்தி நின்ற பைன்களே முதலில் சாய்ந்தன. காற்று தென்கிழக்கிலிருந்து அடித்ததால் பெரும்பாலானவை வடமேற்கே தலைவைத்துப் படுத்தன. நம் மரம் ஒடியவில்லை. ஈர மண்ணோடு வேர்த்தட்டு பெயர்ந்து, கல்வேலியின் குறுக்கே விழுந்து, ஐந்தாறு அடி நீளத்துக்குச் சுவரைச் சரித்தது. அறுபது ஆண்டு வளர்ச்சி.

நியூ இங்கிலாந்து முழுவதும் அந்த ஒரு மாலையில் சாய்ந்த மரம் சுமார் 260 கோடி போர்டு அடி. ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அங்குலக் கனம் என்பது ஒரு போர்டு அடி. பன்னிரண்டு சேர்ந்தால் நம் தச்சர்கள் சொல்லும் ஒரு கன அடி. அப்படிப் பார்த்தால் ஏறக்குறைய 21 கோடியே 70 லட்சம் கன அடி. இதை அப்படியே விட்டால் அடுத்த கோடையில் காய்ந்து தீப்பிடிக்கும். தீ வராவிட்டாலும் பூச்சி வரும். பைன் பட்டைக்குள் வளரும் நீளக்கொம்பு வண்டின் புழுக்கள் கட்டையைக் கரகரவென்று கடிக்கும் ஓசை, பக்கத்தில் நின்றால் காதில் விழும். வண்டுகளோடு வரும் பூஞ்சணம் மரத்தின் வெளிர்ப்பகுதியை நீலமாக்கிவிடும். வலு பெரிதாகக் குறையாது. ஆனால் நீலம் பாய்ந்த பலகைக்கு விலை இல்லை.

மத்திய அரசின் வனத்துறை, வடகிழக்கு மரமீட்பு நிர்வாகம் என்ற தனி அமைப்பை ஏற்படுத்தி, நில உடைமையாளர்களிடமிருந்து கட்டைகளை விலைக்கு வாங்கத் தொடங்கியது. எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த முடிவு அதன் பிறகு எடுத்ததுதான்: கட்டைகளைத் தண்ணீரில் போடு. மூழ்கிய மரத்துக்குள் காற்று புகாது, காற்றில்லாவிட்டால் பூஞ்சணமும் வண்டும் வாழ முடியாது, தீயும் அண்டாது. கொள்முதல் நிலையங்களாக ஏரிகளையும் குளங்களையும் தேர்ந்தெடுத்தார்கள். மில்களும் சந்தையும் தயாராகும்வரை நீர் காத்திருக்கும்.

ஆனால் குளத்துக்குப் போவதற்குள் ஆள் செத்துவிடலாம். விழுந்து பின்னிக் கிடக்கும் மரங்களில் எது எதை அழுத்துகிறது என்று கணித்தே ரம்பத்தை வைக்க வேண்டும். வளைந்து இறுகியிருக்கும் தண்டு அறுபட்ட கணத்தில் வில்லைப்போல் அடிக்கும். வேரோடு சாய்ந்த மரத்தின் அடியை அறுத்ததும், பாரம் நீங்கிய வேர்த்தட்டு அடிக்கட்டையோடு எழுந்து தன் குழிக்குள்ளேயே திரும்ப உட்கார்ந்துவிடும்; அந்தக் குழியில் ஒருவர் நின்றிருந்தால் அவ்வளவுதான். இயந்திர ரம்பம் பரவலாகாத காலம். இரண்டு பேர் இழுக்கும் குறுக்கு ரம்பத்தாலும் கோடரியாலும்தான் வேலை. நம் மரம் பன்னிரண்டடியும் பதினாறடியுமான கட்டைகளாகத் துண்டுபட்டது. குதிரை இழுத்துவந்து சேர்த்த கட்டைகள் டர்க்கி பாண்ட் என்ற குளத்தில் விழுந்தன. அங்கே மட்டும் சுமார் 1.2 கோடி போர்டு அடி மிதந்தது.

மிதந்தது என்றால் ஆண்டுக்கணக்கில். பனிக்காலத்தில் உறைந்து, வசந்தத்தில் விடுபட்டு, மறுபடி உறைந்து. அதற்குள் ஐரோப்பா பற்றிக்கொண்டது. 1941 டிசம்பரில் அமெரிக்காவும் போரில் இறங்கியது. யாரும் வேகமாக வாங்காத கட்டைக்கு இப்போது அவசரம். படைக்குப் போகும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பெட்டி வேண்டும். ஆனால் அறுக்க ஆளில்லை. ஆண்கள் படையிலோ ஆயுத ஆலையிலோ இருந்தார்கள். 1942இல் வனத்துறை டர்க்கி பாண்ட் கரையில் ஒரு மில் அமைத்து, அதில் வேலைக்குப் பெண்களை எடுத்தது. பெரும்பாலோர் மர அறுவையில் அதுவரை நின்றிராதவர்கள். ஜான் காலியர் என்ற அரசுப் புகைப்படக்காரர் 1943 ஜூனில் அங்கே எடுத்த படங்கள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன. நீண்ட கழியால் கட்டைகளைக் குத்தித் தள்ளிவரும் பெண்கள், கொக்கித்தடியால் கட்டையைப் புரட்டும் பெண்கள், ரம்பத்துக்குப் பின்னால் விழுவதை வாங்கி ஒதுக்கும் பதினெட்டு வயதுப் பெண்கள். தலையில் துணி கட்டி, முழங்கைவரை சட்டையை மடித்துவிட்டு நிற்கும் அவர்கள் முகத்தில் வேலை தெரிந்தவரின் அமைதி இருக்கிறது. அந்தப் படங்களை நெடுநேரம் பார்த்தேன்.

இனி நம் கட்டை. குளத்திலிருந்து சங்கிலி அதைச் சரிவில் மேலே இழுக்கிறது. ஊறியதால் பட்டை தளர்ந்திருக்கிறது. இழுபட்டு வந்தபோது ஒட்டிய மண்ணையும் பொடிக்கல்லையும் தண்ணீர் கழுவிவிட்டது. மண் ஒட்டிய கட்டை சில நிமிடங்களில் ரம்பப் பல்லை மழுக்கிவிடும். புரட்டி வண்டியில் ஏற்றி, இரும்புக் கொக்கிகளால் இறுக்குகிறார்கள். அறுப்பவர் இங்கே ஒரு கணம் பார்க்கிறார். கட்டை உருண்டை அல்ல. அடி பெரிது, நுனி சிறிது. ஒரு பக்கம் பழைய வளைவு, கூன்வண்டு செய்தது. ஒரு பக்கம் கணு குறைவு. எந்த முகத்தை முதலில் திறப்பது என்பதில்தான் அத்தனையும் இருக்கிறது.

வண்டி நகர்கிறது. வட்ட ரம்பத்தின் தட்டைப் பார்த்தால் சாதாரண எஃகு வட்டம் போலிருக்கும்; அதைச் சுத்தியலால் தட்டிப் பக்குவம் செய்திருப்பார்கள். சுழலும் வேகத்தில் விளிம்பு விரியும், சூடேறும். நடுப்பகுதி அதற்கேற்பத் தளர்ந்திருந்தால்தான் தட்டு நேராக நிற்கும். இல்லாவிட்டால் பலகை ஓர் இடத்தில் தடித்தும் ஓர் இடத்தில் மெலிந்தும் வரும். பற்கள் தனித்தனியாகச் செருகியவை. ஒன்று உடைந்தால் அதை மட்டும் மாற்றலாம், காட்டுக்குள் வேலை செய்கிறவர்களுக்கு அது பெரிய வரம். முதல் வெட்டில் புறப்பலகை கழன்று விழுகிறது. ஒரு பக்கம் பட்டை, மறுபக்கம் புத்தம் புதிய வெள்ளை முகம். அது அடுப்புக்குப் போகும். நியூ இங்கிலாந்துப் பெட்டிப்பலகைக்காரர்கள் கட்டையைச் சதுரமாக்காமல், இரு ஓரத்திலும் பட்டையோடே வரிசையாக அறுத்துத் தள்ளுவது அன்று உண்டு. ஓரத்தைப் பெட்டி ஆலை பார்த்துக்கொள்ளும். சைஸ் மரம் வேண்டுமென்றால் வேறு வழி. ஒரு முகம் அறுத்ததும் கட்டையைப் புரட்டி அடுத்த முகம், மறுபடி புரட்டி அடுத்தது. நான்கு முகமும் திறந்தால் உள்ளே ஒரு சதுரக் கட்டை நிற்கும். நுனியில் பதினான்கு அங்குலக் குறுக்களவுள்ள கட்டைக்குள் ஏறக்குறைய பத்துக்குப் பத்துச் சதுரம் அடங்கும். அறுபது ஆண்டுகள் வட்டமாகவே வளர்ந்த மரம் முதன்முறையாக மூலை காண்கிறது.

அந்தப் பத்து அங்குலத்தில் எத்தனை ஒரு அங்குலப் பலகை? பத்து அல்ல. ரம்பம் ஒவ்வொரு முறையும் கால் அங்குலத்தைத் தின்கிறது. எட்டுப் பலகை, ஏழு வெட்டு; அதற்குமேல் வராது. இன்று பலர் வைத்திருக்கும் பெயர்ந்து போகும் மில்லில் மெல்லிய பட்டை ரம்பம் கிடையாக ஓடுகிறது. அமெரிக்காவின் இந்தியானாவில் 1982இல் தொடங்கிய வுட்-மைசர் நிறுவனம் அந்த வகையைப் பரவலாக்கியவற்றில் ஒன்று. அங்கே வண்டியில் கட்டை ஓடாது. கட்டை அசையாமல் கிடக்க, ரம்பம் அதன்மேல் ஊர்ந்து போகும். ஒரு வெட்டுக்குப் பத்தில் ஒரு பங்கு அங்குலம்தான் தூளாகும். அதே சதுரத்தில் ஒன்பது பலகை. ஒரு கட்டைக்கு ஒரு பலகை என்பது, குளம் நிறையக் கட்டை கிடந்த 1942இல் எவ்வளவு பெரிய இழப்பு என்று கணக்குப் போட்டுப் பார்க்கிறேன்.

தூளை வெறும் கழிவு என்று தள்ளவும் மனம் வரவில்லை. அதற்கு நூறு ஆண்டு முன்பு, பாஸ்டனின் ஃபிரடெரிக் டியூடர் நியூ இங்கிலாந்துக் குளங்களில் அறுத்த பனிக்கட்டியைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார். பனி உருகாமல் காத்தது அந்த ஊர் மில்களின் மரத்தூள். சென்னையில் அதை இறக்கி வைக்க 1842 வாக்கில் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான் இன்று மெரினாவில் விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது. கடற்கரைக்குப் போகிறவர்கள் பார்க்கும் அந்த வட்ட முகப்புக்குள் ஒரு காலத்தில் பைன் வாசனை இருந்திருக்கும்.

நம் பலகைக்கு இப்போது அளவு உண்டு. இந்த அளவுக்கே தனி வரலாறு இருக்கிறது. ஒரு மில்லின் அங்குலம் இன்னொரு மில்லின் அங்குலமாக இல்லாத குழப்பத்தைத் தீர்க்க அமெரிக்காவில் 1924இல் முதல் தேசிய மரத்தரம் வந்தது. இழைத்து முடித்த ‘ரெண்டுக்கு நாலு’ சட்டத்தின் உண்மையான அளவு அதன்படி ஒன்றே ஐந்தெட்டு அங்குலத்துக்கு மூன்றே ஐந்தெட்டு. 1970இல் அது மேலும் இளைத்து ஒன்றரைக்கு மூன்றரை ஆனது. பெயரில் ரெண்டும் நாலும் அப்படியே இருக்கின்றன. ரம்பத்திலிருந்து நேராக வரும் இழைக்காத பச்சை மரம் பல சிறு மில்களில் இன்னும் முழு அளவில் வருகிறது. காய்ந்து சுருங்கவும் இழைப்புளிக்குக் கொடுக்கவும் அதில் கொஞ்சம் கூடுதலாகவே வைத்து அறுப்பார்கள்.

காய வைப்பது பொறுமையின் வேலை. பலகைக்குப் பலகை நடுவே ஒரே கனமுள்ள குச்சிகள், மேல் வரிசைக் குச்சி கீழ் வரிசைக் குச்சிக்கு நேர் மேலே. தவறினால் பலகை அந்த இடத்தில் தொய்ந்து, அப்படியே காய்ந்து, பிறகு நிமிராது. அடுக்குக்கு மேலே மூடி, பக்கங்களில் காற்று. நாலு ஆண்டு தண்ணீரில் கிடந்த மரத்திலிருந்து தண்ணீர் வெளியேறுகிறது. கரைமேல் அப்படி அடுக்கியிருந்த பலகைகள் அங்கிருந்து லாரியேறின.

1943 முடிவதற்குள் டர்க்கி பாண்டில் மிதந்தவை தீர்ந்தன. மில் நின்றது, பெண்கள் வேறு வேலைகளுக்குப் போனார்கள். ஐந்து ஆண்டு கட்டைகள் மூடிக்கிடந்த குளத்தில் மறுபடி வானம் தெரிந்தது.

மரம் நின்ற இடத்துக்கு ஒருமுறை திரும்பிவிடுகிறேன். பைன் விழுந்த வயல்காடுகள் பலவற்றில் பைன் திரும்பவில்லை. அடியில் காத்திருந்த ஓக்கும் சிவப்பு மேப்பிளும் பிர்ச்சும் எழுந்தன. வேர் பெயர்ந்த குழிகளும் அவற்றின் பக்கத்தில் மண் கொட்டிய மேடுகளும் இன்றும் அந்தக் காடுகளில் தெரிகின்றன. எந்தத் திசையிலிருந்து காற்று அடித்தது என்று அவற்றை வைத்தே சொல்லிவிடலாம். கல்வேலியில் மரம் விழுந்து சரித்த ஐந்தாறு அடியை எடுத்துக் கட்ட ஆளில்லை. அந்தத் திறப்பின் வழியாகத்தான் இப்போது மான்கள் போகின்றன.